மாமா காத்திருந்த மருந்து

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்குப் பெங்களூரில், லேபில், ஐஸ் டப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு அம்மாவின் போனை எடுத்தபோது இரண்டு காதும் ஒன்றாகச் சூடானது.

"ஒம் மாமன் திங்கக்கிழமை திருச்சிக்குப் போகமாட்டானாம்டி. இனிமே அந்த ஊசியே வேணாமாம். நீ கண்டுபுடிச்ச மருந்து வரட்டும், அதுவரைக்கும் காத்திருக்கேங்குறான்."

"நான் எந்த மருந்தம்மா கண்டுபிடிச்சேன்?"

"அதான்டி, அந்த சீல் போடுறவனப் புடிச்சுக் கட்டுற மருந்து."

"அம்மா, அது மருந்து இல்ல."

"அத என்கிட்ட ஏன் கத்துற? அவன்கிட்ட வந்து கத்து. செட்டிகுளத்து முருகன் கோயில்ல பூ வேற வச்சுப் பாத்துட்டு வந்துட்டானுங்க, புருசனும் பொண்டாட்டியும். சாமியே சொல்லிருச்சாம்."

போனை வைத்தபோது ஐஸ் பாதி உருகி, குழாய்கள் தண்ணீரில் மிதந்தன. அன்றைய வேலை போச்சு. அதைப் பற்றிக்கூட எனக்குக் கவலை வரவில்லை. கணையத்தில் கட்டி இருக்கிற ஒரு மனுஷன், என் பெயரைச் சொல்லி, கீமோவை நிறுத்துகிறார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவே இல்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இந்தக் கதை ஓடாது.

நம் உடம்பில், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சவ்வில் புதைந்து உட்கார்ந்திருக்கிற ஒரு நொதி இருக்கிறது. புதிதாகச் செய்த சில புரதங்கள் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அவற்றின் வாலில் மெத்தில் என்று ஒரு சின்னக் குல்லாவை அது மாட்டிவிடும். குல்லா மாட்டிய புரதம்தான் போய்ச் சேரவேண்டிய இடத்தில் ஒழுங்காக ஒட்டி நின்று வேலை பார்க்கும். அந்தப் புரதங்களில் ஒன்று கெட்டுப்போனால், 'வளர், வளர்' என்று செல்லை விரட்டிக்கொண்டே இருக்கும். கணையத்தில் வரும் புற்றுநோயில் பெரும்பாலும் கெட்டுப்போவது அதுதான். அதற்குக் குல்லா கிடைக்காமல் செய்தால் என்ன என்பதுதான் எங்கள் யோசனை. நொதியின் வாயை அடைக்கிற தடுப்பான்களைத் தேடுகிறோம்.

சொல்வதற்கு அழகாக இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும். அந்த நொதியைச் சவ்விலிருந்து பிரித்து எடுத்தால் கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். கிடைத்த தடுப்பான் தண்ணீரில் கரையாது, எண்ணெய்ப் பிசுக்காக மேலே மிதக்கும். தட்டில் வளர்த்த செல்லில் கேட்கும், உயிருள்ள உடம்பில் கேட்குமா என்று சத்தியம் பண்ண முடியாது. என் ஆயுசுக்குள் இது மாத்திரையாக வந்தால் நான் மொட்டை அடித்துக்கொள்கிறேன் என்று லேபில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இதை மாமாவுக்கு ஒரு பொங்கலுக்கு விளக்கினேன். அம்மாவின் ஒரே தம்பி அவர். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் பாக்டரி கேட்டில் வேலை. லோடு ஏற்றிக்கொண்டு வெளியே போகிற லாரிகளின் பாஸைப் பார்த்து சீல் போடுவார். சீல் இல்லாமல் லாரி நகராது. அவருக்குப் புரிய வேண்டும் என்று, "அந்த நொதியும் உங்கள மாதிரிதான் மாமா. கடைசி கேட்டுல உக்காந்து சீல் போடுற ஆளு" என்றேன்.

மாமா கரும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டார். "அப்ப எனக்குள்ளயும் ஒருத்தன் என் வேலையப் பாத்துக்கிட்டிருக்கானா? யூனிபார்ம் உண்டா அவனுக்கு?"

"ஓவர்டைமும் உண்டு. லீவே கிடையாது."

"பாவம்டா. நீ என்னமோ அவனப் போயிக் கட்டிப்போடணும்ங்குற."

அன்றிலிருந்து தெருவில் யாரைப் பார்த்தாலும், என் அக்கா மக என் வேலைக்கே உலை வைக்கிறா என்று சொல்லிச் சிரிப்பார். என்னை 'ஊசி போடத் தெரியாத டாக்டரு' என்பார். அந்த மனுஷனுக்குத்தான் அதே வருஷம் மஞ்சள் காமாலை என்று ஆரம்பித்து, கீழாநெல்லி எல்லாம் அரைத்துக் குடித்து, அப்புறம் திருச்சியில் ஸ்கேன் எடுத்து, கணையத்தில் கட்டி என்றார்கள். கட்டி ஒரு பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக்கொண்டிருக்கிறது, இப்போது கத்தி வைக்க முடியாது, முதலில் கீமோ கொடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

அப்போதே மாமா போனில் கேட்டார், "பாப்பா, இது உங்க ஏரியாதானே?" என்று. நான் பச்சையாகச் சொல்லிவிட்டேன். எங்க மருந்து இன்னும் மருந்தே ஆகலை மாமா, வர வருஷக்கணக்கா ஆகும், வராமலும் போகும், நீங்க டாக்டர் சொல்றத மட்டும் கேளுங்க என்று. பக்கத்தில் அத்தையும் இருந்தார், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு. அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் இப்படி என்றால் எனக்கு ஆத்திரம் வருமா வராதா?

பஸ் பிடித்து ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெரம்பலூரில் இறங்கினேன். அம்மா ஸ்டாண்டிலேயே நின்றிருந்தார். ரெண்டு பேரும் அரியலூர் பஸ்ஸில் ஏறினோம். வழி முழுக்க லாரி. ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் டிரைவர் ஹாரனை அமுக்கினார். நான் போனை எடுத்து, கீமோவை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பத் தேடிப் படித்தேன். அம்மா பார்த்துவிட்டு, "அதக் கொஞ்சம் உள்ள வையேன்டி, எனக்கே படபடன்னு வருது" என்றார்.

ரெட்டிபாளையத்தில் மாமா வீட்டு வாசலில் செவ்வரளியின் இலை எல்லாம் வழக்கம்போல் சிமெண்ட் தூசி பூசிக்கொண்டு நின்றது. மாமா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. அந்த ஆள் அந்தச் சட்டையைப் பட்டன் தெறிக்கத் தெறிக்கப் போட்டு நான் பார்த்திருக்கிறேன்.

"வா பாப்பா. பையில கொண்டாந்துருக்கியா மருந்து?"

"பையில துணிதான் இருக்கு மாமா. மருந்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒரு பொடி இருக்கு. அது தண்ணியில கரையாது."

"நல்லெண்ணெயில கரைச்சுக்கிறேன்."

"விளையாடாதீங்க மாமா."

"நான் எங்க விளையாடுறேன்? சாமி உத்தரவு ஆயிருச்சு. செவப்பு வந்தா திருச்சி, வெள்ள வந்தா உன் மருந்துன்னு வேண்டிக்கிட்டோம். வெள்ளதான் வந்துச்சு. படியேறி வந்த ஒரு சின்னப் புள்ளதான் எடுத்துக் குடுத்துச்சு. அது என்ன பொய்யா சொல்லும்?"

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, எதற்கும் பூ வைத்துத்தான் பார்ப்பார்கள். சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், இலையில் ஒரே மாதிரி மடித்துக் கட்டி, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். என் படிப்புக்கும் அம்மா அப்படித்தான் பார்த்தார். அதனால் எனக்குக் கேலி பண்ணவும் வாய் வரவில்லை.

ஆனாலும் விட்டேனா? அரை மணி நேரம் கத்தினேன். நோயாளி என்றும் பார்க்கவில்லை. அந்த நொதி கெட்ட புரதத்துக்கு மட்டும் குல்லா மாட்டவில்லை மாமா, நூறு நல்ல புரதத்துக்கும் அதுதான் மாட்டுகிறது, கேட்காரனைக் கட்டிப்போட்டால் எல்லா லாரியும் நிற்கும் என்றேன். கணையத்தில் அந்த நொதியே இல்லாமல் செய்த எலிகளுக்குக் கட்டி குறையவில்லை, இன்னும் மோசமானது, இதை எழுதியே வைத்திருக்கிறார்கள் என்றேன். அதைப் படித்த அன்றைக்கு நான் ஹாஸ்டலில் போர்த்திக்கொண்டு படுத்ததைச் சொல்லவில்லை.

"நான் எலி இல்லியே பாப்பா" என்றார் மாமா.

அப்போதுதான் எனக்கு வேறு மாதிரி ஒரு பயம் வந்தது. எனக்குத் தெரிந்தவர், தெரியாதவர் என்று எத்தனையோ பேர் மருந்து கேட்டு எனக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். எப்ப வரும், எவ்வளவு நாள் சாப்பிடணும், யாரைப் பிடிச்சா கிடைக்கும், கூடச் சேர்த்து என்ன சாப்பிடக் கூடாது. துளைத்து எடுப்பார்கள். மாமா ஒன்றுமே கேட்கவில்லை. எப்போது கிடைக்கும் என்றுகூடக் கேட்கவில்லை. மருந்துக்குக் காத்திருக்கிற ஆள் முகம் மாதிரியே அது இல்லை. ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டு, "தார்ப்பாய் சரியாக் கட்டல பாரு அவன்" என்றார்.

நான் எழுந்து தெருமுனைக்குப் போய் திருச்சி டாக்டருக்குப் போன் போட்டேன். முதல் ஸ்கேன் எடுத்த அன்றைக்கு மாமாவுடன் நானும் போயிருந்ததால் அவருக்கு என்னைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எடுப்பாரோ மாட்டாரோ என்று பயந்தேன். எடுத்தார்.

"உங்க மாமா ஏங்க போனே எடுக்கல? ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார். "போன வாரம் எடுத்த ஸ்கேனை சர்ஜனோட உக்காந்து பாத்தேன். கட்டி சுருங்கியிருக்கு. ரத்தக்குழாயை விட்டுக் கொஞ்சம் விலகியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் கீமோ போச்சுன்னா ஆபரேஷனுக்கு வழி இருக்கலாம். உறுதியா சொல்லலை. ஆனா இப்ப நிறுத்துனா அந்த வழி அடைஞ்சு போயிடும். நாளைக்குக் கண்டிப்பா வரச் சொல்லுங்க."

நல்ல சேதி வந்தால் ஆள் நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? எனக்குப் பயம் இரண்டு மடங்கானது. அதுவரை கொஞ்சம் நாளைத்தான் இழக்கப்போகிறார் என்று நினைத்திருந்தேன். இப்போது மாமாவே முழுசாகக் கைநழுவிப் போகிறார் என்று பட்டது.

மாமா குளிக்கப் போயிருந்தார். அடுப்படியில் அத்தை கஞ்சிக்கு நொய்யைக் கிளறிக்கொண்டிருந்தார், அம்மா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் நுழைந்த வேகத்தைப் பார்த்து ரெண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"கட்டி சுருங்கியிருக்காம் அத்தை. ஆபரேஷன் பண்ண வழி இருக்காம். நாளைக்கு அவரு போயே ஆகணும்."

அம்மா, "மாரியாத்தா!" என்று பூண்டைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அத்தை கும்பிடவில்லை. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். சந்தோஷத்தில் யாருக்கும் முகம் அப்படி வெளுக்காது.

எங்கள் லேபில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று இருக்கிறது. தடுப்பான் போட்ட குழாயில் நொதி வேலை செய்யவில்லை என்று கண்டால் குதிக்காதே, தடுப்பான் போடாத குழாயையும் பார். அதிலும் நொதி செத்துக் கிடந்தால் உன் தடுப்பான் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. கடையில் புளி வாங்கினால்கூட இன்னொரு உருண்டையை மோந்து பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் கேட்டேன்.

"அத்தை, பொட்டலம் கட்டுனது யாரு?"

"நான்தான்."

"புள்ள எடுத்தது வெள்ள. இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

கஞ்சி அடிப்பிடிக்கிற வாடை வந்தது. அம்மா எட்டி அடுப்பை அணைத்தார்.

"ரெண்டுலயும் வெள்ளதான் பாப்பா" என்றார் அத்தை. "ரெண்டுலயும் நந்தியாவட்டைதான் வச்சேன்."

என் காது சூடானது. "உங்களுக்கென்ன பைத்தியமா அத்தை? இல்லாத மருந்த நம்பி..."

"மருந்து இல்லன்னு எனக்குத் தெரியாதா? நீதான் போன்லயே சொன்னியே, வருசக்கணக்காகும்னு. எனக்கு நல்லாவே காது கேக்கும்." அத்தை குரல் உயர்ந்தது. "நீ வந்து பாத்தியா? ஊசி போட்டுட்டு வந்தா மூணாவது நாளு அந்த மனுசன் பாத்ரூம்ல தரையில கிடக்குறாரு. டம்ளரப் புடிச்சா வெரல் சுள்ளுன்னு இழுக்குதுன்னு கீழ போட்டுடறாரு. வாந்தியெடுக்குற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு பைப்பத் தொறந்து விடுறாரு. பக்கத்து பெட்டுல ஒருத்தரு இதே ஊசிய எல்லாம் போட்டு எல்லாம் பட்டுட்டு போயிச் சேந்துட்டாரு. எப்படியும் போறதுதானேன்னு நெனச்சேன். கடைசியா நாலு வாய் சோத்த நிம்மதியாத் தின்னுட்டு என் பக்கத்துல இருக்கட்டுமேன்னு நெனச்சேன். தானா நிறுத்த மாட்டாரு அந்த ஆளு. சாமி சொன்னாத்தான் கேப்பாரு. அதான் பண்ணேன்."

"அத முடிவு பண்ண நீங்க யாரு அத்தை?" என்று கத்திவிட்டேன்.

"வாய மூடுடி" என்றார் அம்மா. "படிச்சுட்டா என்ன வேணா பேசுவியா?"

அத்தை கீழே உட்கார்ந்துவிட்டார். "நெசமாவே சுருங்கியிருக்கா பாப்பா? என்ன ஏமாத்தலயே? அய்யோ முருகா, நான் என்ன காரியம் பண்ணித் தொலச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்தேன். அந்த நிமிஷத்தில் அவரை அடிக்கணும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளணும் போலவும் இருந்தது.

அம்மாதான் முதலில் தெளிந்தார். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? சாயங்காலம் திரும்பச் செட்டிகுளம் போவோம். இந்த தடவ ரெண்டுலயும் செவப்பக் கட்டிடுவோம். வாசல்லயே செவ்வரளி பூத்துக் கெடக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "ஏம்மா, முருகனுக்கு வேற வேலையே இல்லையா?"

"வேணாம் அண்ணி" என்றார் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவரு என்ன வெட்டிப் போட்டாலும் சரி. நானே சொல்லிடுறேன்."

மாமா குளித்துவிட்டு நெற்றியில் விபூதியோடு வாசல் சேருக்கு வந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் வரிசையாகப் போய் நின்றதைப் பார்த்து, "என்ன, எல்லாரும் சேந்து தூக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்றார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு அத்தை சொன்னார். பெரிசாகச் சுற்றி வளைக்கவில்லை. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தான் வச்சேன், சாமி ஒண்ணும் சொல்லல, நான்தான் சொன்னேன் என்றார்.

"தெரியும்" என்றார் மாமா.

எங்களுக்குப் புரியவில்லை.

"திரும்பி வர்றப்ப பஸ்ல நீ அசந்துட்ட. விபூதி எடுக்கலாம்னு பையத் தொறந்தேன். இன்னொரு பொட்டலம் உள்ள கெடந்துச்சு. இலை பிரிஞ்சிருந்துச்சு. வெள்ளப் பூவு."

"தெரிஞ்சுமா மாமா போகமாட்டேன்னீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தையையும் பார்க்கவில்லை. "ரெண்டுலயும் வெள்ளைய வச்சிருக்கான்னா என்ன அர்த்தம்? அவளால முடியலன்னு அர்த்தம். என்னத் தூக்கி, கழுவி, பஸ்ஸேத்தி, எறக்கி, அலுத்துப்போச்சு அவளுக்கு. வாயத் தொறந்து சொல்ல முடியாம சாமிகிட்டப் போயிருக்கா. சரி, நான் இருந்து இவளுக்கு என்ன, போதும்னு நெனக்கிறா, அவ இஷ்டப்படியே போயிடுவோம்னு நெனச்சேன். சும்மா நிறுத்துனா ஊரு அவளத்தான் கேக்கும், புருசன கவனிக்காம விட்டுட்டான்னு. உன் மருந்துக்குக் காத்திருக்கேன்னா ஒருத்தனும் ஒண்ணும் கேக்கமாட்டான்ல. அதான் உன் பேரச் சொன்னேன். சாமிகிட்டக் கேட்டது ஊசி வேணுமா வேணாமான்னு மட்டும்தான். கோவிச்சுக்காத பாப்பா."

ஒரு லாரி போனது, அப்புறம் இன்னொன்று. இல்லவே இல்லாத என் மருந்தை அந்த வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நான் ஒருத்திதான், அவர்கள் நம்புகிறார்கள் என்று நம்பி, பெங்களூரிலிருந்து ஓடி வந்து எலிக்கணக்கெல்லாம் சொல்லிக் கத்தியிருக்கிறேன். இவர் அத்தைக்காகச் சாகத் துணிந்திருக்கிறார். அத்தை இவருக்காக இவரையே விடத் துணிந்திருக்கிறார். ஒருத்தரிடம் ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோதும் அத்தை மாமாவிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரிப் பையை எடுத்து, துண்டு, பிளாஸ்க், பைல் என்று அடுக்கினார். பாத்திரம் எல்லாம் அன்றைக்கு அதிகமாகவே சத்தம் போட்டது. மாமா ரெண்டு தடவை, "இந்தா, கேளு" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அத்தை திரும்பவே இல்லை. "விடுங்க மாமா" என்றேன். "அவ கோவம் எனக்குத் தெரியும் பாப்பா, இது வேற" என்றார் மாமா. அவர் நாளைக்கு வருகிறாரா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. ராத்திரி என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டு புரண்டேன்.

விடிந்ததும் மாமா சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். அரியலூர் போய் திருச்சி பஸ்ஸில் ஏறினோம். அத்தை ஜன்னல் பக்கம், மாமா பக்கத்தில், நானும் அம்மாவும் பின்னால். ரெண்டு தலையும் அசையாமல் நேராக இருந்தது. அம்மா என் தொடையை இடித்து, "பேசிக்கிட்டாங்களா?" என்று சைகையில் கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இவர் இறங்கிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

வார்டில் ரத்தம் எடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, போடலாம் என்றார்கள். மாமாவைப் பெட்டில் படுக்க வைத்தாயிற்று. சிஸ்டர் ஊசித் தட்டோடு வந்து பைலைப் புரட்டினார். ரொம்பத் தன்மையான பெண்.

"போன தடவ ரொம்பக் கஷ்டப்பட்டீங்கன்னு எழுதியிருக்கே அய்யா. வாந்திக்கு வேற மருந்து சேத்திருக்காங்க. இன்னைக்குப் போட்டுக்கிறீங்களா? இல்ல, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த பேசணுமா?"

மாமா தலையைத் திருப்பி அத்தையைப் பார்த்தார். சிஸ்டரும் பார்த்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று அத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், இந்த ஆள் எழுந்து செருப்பைத் தேடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அத்தை மாமாவிடம் பேசவில்லை. சிஸ்டரிடம்தான் சொன்னார், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"போடுங்கம்மா. எனக்கு இந்த ஆளு வேணும்."